வாகரையில் ஒரு கராஜ் தரை: எபொக்சிப் பூச்சா, இன்டர்லொக் கல்லா?

வாகரை, கதிரவெளி, பால்சேனை, மாங்கேணி பக்கங்களில் கராஜ் என்றால் காரை நிறுத்தி வைக்கும் அறை அல்ல. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, லாண்ட்மாஸ்டர், உழவு இயந்திரம், போட் எஞ்சின் ஆகியவற்றைத் திருத்தும் இடத்தைத்தான் சனங்கள் கராஜ் என்கிறார்கள். பல இடங்களில் அது வீட்டு வளவிலேயே இருக்கும். நான்கு தூண், மேலே தகரம், கீழே மணல் அல்லது வெடித்துப்போன சீமெந்துத் தரை. அதே வளவில் சில யார் தூரத்தில் குடும்பம் தண்ணீர் அள்ளும் கிணறும் இருக்கும்.

இப்படி ஒரு கராஜை நடத்துபவர் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால், அல்லது ஒரு வாழ்வாதாரக் கடன் கிடைத்தால், முதலில் யோசிப்பது தரையைப் பற்றித்தான். மணலில் விழுந்த ஆணியும் நட்டும் திரும்பக் கிடைப்பதில்லை. ஜக் புதைகிறது. மாரியில் வேலை நின்றுவிடுகிறது. தரை போடுவதென்று முடிவெடுத்ததும் இரண்டு ஆலோசனைகள் வரும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர், கண்ணாடி மாதிரி மினுங்கும் எபொக்சித் தரையின் படத்தை அனுப்புவார். ஊர் மேசன், இன்டர்லொக் கல் பதித்துவிடலாம் என்பார். இரண்டும் நல்ல பொருட்கள்தான். ஆனால் வாகரையின் மண்ணுக்கும் மழைக்கும் உப்புக்கும் எது தாங்கும் என்பது வேறு கேள்வி. அதை விளங்கிக்கொள்ளாமல் போட்ட தரை, அதற்கு வாங்கிய கடன் முடிவதற்கு முன்பே உரிந்துவிடலாம்.

இந்த இடத்தின் மண்ணும் நீரும்

கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகப் பிரிவு மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இடையே உள்ள மணல் திட்டில்தான் பல ஊர்கள் இருக்கின்றன. மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றோடு, ஐப்பசிக்கும் தைக்கும் இடையில், மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும். அந்த மாதங்களில் நிலத்தடி நீர் மேலெழுந்து, சில வளவுகளில் ஒன்றிரண்டு அடி தோண்டினாலே நீர் ஊறும். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையையும் மறந்தவர்கள் இங்கு இல்லை.

மணல் நீரை உடனே கீழே விடும். ஆனால் தரைக்குக் கீழே ஈரம் எப்போதும் இருக்கும். கொங்கிரீட் பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. கீழே உள்ள ஈரம் அந்தத் துளைகள் வழியாக, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, மேலே ஏறும். கடலோர மண்ணில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். ஈரம் காற்றில் காய்ந்து போக, உப்பு மேற்பரப்பில் தங்கிவிடும். வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்து, சாந்து பொருபொருத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். தரைக்குக் கீழும் அதுவே நடக்கிறது. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால், மேலே போடும் பொருளைத் தெரிவு செய்வது இலகுவாகிவிடும்.

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டப்பட்ட பல வீடுகளின் தரையிலும் இதே சிக்கல் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஒரு தடவையும், 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் நடந்த போரில் இன்னொரு தடவையும் இழந்துவிட்டுத் திரும்பியவர்கள் கட்டிய வீடுகள் இவை. வடக்கு கிழக்கில் நடைமுறைப்படுத்தப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. வீட்டைக் கட்டும் பொறுப்பு பயனாளியுடையது. அத்திவாரம், சுவர், கூரை முடிந்து கடைசியாகத் தரைக்கு வரும்போது கையில் மிஞ்சியதை வைத்துத்தான் நிலம் போட வேண்டியிருந்தது. கராஜுக்கும் இதே கதிதான். கூரைக்குக் காசு போய்விடும், தரை மிச்சத்தில் நடக்கும். ஆனால் பாரத்தையும் ஒயிலையும் ஈரத்தையும் தாங்கவேண்டியது தரைதான்.

எபொக்சி என்பது என்ன?

எபொக்சி இரண்டு பகுதிகளாக வரும். ஒன்று பிசின், மற்றது அதை இறுக்கும் திரவம். இரண்டையும் சொல்லப்பட்ட அளவில் கலந்தால் இரசாயன மாற்றம் நடந்து கடினமான, துளையற்ற படலமாக இறுகும். ஒயில், டீசல், கிறீஸ் உள்ளே இறங்காது. துடைத்தால் போய்விடும். கொங்கிரீட் தூசி கிளம்பாது. வெளிச்சம் பிரதிபலிப்பதால் சிறிய நட்டு விழுந்தாலும் கண்ணில் படும். வைத்தியசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் இதை விரும்பிப் பூசுவது இதனால்தான்.

ஆனால் அதன் பலமே இங்கு பலவீனமாகிவிடும். படலம் துளையற்றது. கீழிருந்து ஏறிவரும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. கொங்கிரீட்டுக்கும் படலத்துக்கும் நடுவில் நீர் தேங்கும், அங்கே உப்பும் சேரும். கொஞ்ச நாளில் சிறு கொப்புளங்கள் தோன்றும். அதன் மேல் ஒரு சில்லு ஏறினால் கொப்புளம் உடைந்து, ஓரம் கிளம்பி, தகடாக உரியத் தொடங்கும். பூச்சு மோசமான கம்பனியுடையது என்று பலர் நினைப்பார்கள். பெரும்பாலான இடங்களில் குற்றம் பூச்சில் இல்லை, கீழே உள்ள ஈரத்தில் இருக்கிறது.

உங்கள் தரை எபொக்சிக்குத் தகுதியானதா என்று செலவில்லாமல் பார்க்கலாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் தடித்த, வெளிச்சம் தெரியும் பொலித்தீன் துண்டு ஒன்றை எடுத்து, நான்கு ஓரங்களையும் தரையோடு இறுக்கமாக ஒட்டுங்கள். வெயில் நேரே படாத இடமாக இருக்கட்டும். குறைந்தது 16 மணித்தியாலம், முடிந்தால் ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது பொலித்தீனின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால், அல்லது தரை கறுத்து ஈரமாக இருந்தால், எபொக்சி வேண்டாம். ஆவணியில் காய்ந்திருந்தது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதே சோதனையை மார்கழியிலும் செய்து பாருங்கள். தரையின் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும்.

ஈரம் இல்லையென்றாலும் வேறு நிபந்தனைகள் உண்டு. புதிய கொங்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் போகவேண்டும். மேலே படிந்திருக்கும் மெல்லிய சீமெந்துப் பாலை இயந்திரத்தால் அரைத்து நீக்கவேண்டும். மினுக்கமான தரையில் பூச்சு பிடிக்காது. பழைய கராஜ் தரையில் ஒயில் ஊறியிருந்தால், அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடாமல் பூசுவது வீண். கலந்த எபொக்சி சிறிது நேரத்துக்குள் பூசப்படவேண்டும். வெப்பநிலை 10 பாகை கூடினால் அந்த நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் வாளிக்குள்ளேயே இறுகிவிடும். மாரிக் காலத்து ஈரக்காற்றில் பூசினால் மேலே வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் கட்டும். ஆகவே வாகரையில் எபொக்சி பூசத் தகுந்த காலம் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் ஒரு காலைப் பொழுது. பக்கங்களைப் படங்கால் மறைக்காவிட்டால், காற்று கொண்டுவரும் மணல் ஈரப்பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

வெயிலும் கவனிக்கப்படவேண்டியது. நேர் வெயில் படும் இடத்தில் சாதாரண எபொக்சி மஞ்சளாகி, பின் மாவு போல் உதிரும். வெல்டிங் பொறி விழுந்தால் கருகும். நீண்ட தூரம் ஓடிவந்த வண்டியின் சூடான ரயர் மெல்லிய பூச்சை இளக்கி, வண்டி எடுக்கும்போது தோலை உரிப்பது போல் எடுத்துக்கொண்டு போகும். பூசுபவர்கள் கையுறை போடாமல் வேலை செய்தால் தோலில் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடியது.

இன்டர்லொக்: ஒரே பெயரில் இரண்டு பொருட்கள்

இன்டர்லொக் என்று கேட்டால் நம் ஊரில் கொங்கிரீட் கல்லைத்தான் காட்டுவார்கள். இணையத்தில் தேடினால் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் பிளாஸ்ரிக் ஓடுகள் வரும். இரண்டுக்கும் பெயர் ஒன்றானாலும் வேலை வேறு.

கொங்கிரீட் இன்டர்லொக் கல், மணல் மேல் பதிக்கப்படுவது. கீழே இறுக்கிய கிறவல் 4 முதல் 6 அங்குலம், அதன் மேல் மட்டம் பார்த்த மணல் ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம், அதன் மேல் கல், இடைவெளிகளில் நுண்மணல். இதுதான் ஒழுங்கு. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் மட்டும் வருமென்றால் 60 மில்லிமீற்றர் தடிப்புக் கல் போதும். உழவு இயந்திரம், லொறி ஏறுமென்றால் 80 மில்லிமீற்றர் வேண்டும். கற்களைச் செங்கல் வரிசை போல் நேராக அடுக்குவதைவிட, மீன்முள் போல் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தால் சில்லு திரும்பும்போது கல் நகராது. சுற்றிவர கொங்கிரீட் விளிம்பு கட்டாயம். விளிம்பு இல்லாத இன்டர்லொக், கயிறு கட்டாத விறகுக்கட்டு. இரண்டு மழைக்குள் ஓரக்கல் விலகும், பிறகு நடுக்கல் இறங்கும்.

இதன் பெரிய நன்மை, ஈரத்தோடு சண்டை பிடிக்காதது. கீழிருந்து வரும் ஈரம் கற்களின் இடைவெளியால் வெளியேறிவிடும். உரிவதற்கு எதுவும் இல்லை. ஓரிடம் தாழ்ந்தால் அங்குள்ள கற்களைக் கழற்றி, மணல் போட்டு இறுக்கி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். அதற்கு வெளியூர் ஆள் தேவையில்லை, ஊர் இளைஞர் நான்கு பேர் போதும். குறை என்னவென்றால், ஜக்கின் சிறிய அடிப்பகுதி ஒரு கல்லின் மேல் முழுப் பாரத்தையும் இறக்கும்போது கல் சரியலாம். ஜக்கின் கீழே தடித்த இரும்புத் தகடோ பலகையோ வைத்துத்தான் வேலை செய்யவேண்டும். விழுந்த சிறு திருகாணிகள் இடைவெளிக்குள் போய்விடும். இன்னொரு குறை இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அதைக் கீழே பார்ப்போம்.

பிளாஸ்ரிக் இன்டர்லொக் ஓடு இன்னொரு வகை. ஏற்கெனவே மட்டமான கொங்கிரீட் தரை இருந்தால் மட்டுமே அதைப் போடலாம். மணல் மேல் போட்டால் வளைந்து உடையும். பசை தேவையில்லை, கையால் கொளுவிக்கொண்டே போகலாம், கழுவிக் காயவிடலாம். கீழே ஈரமிருந்தாலும் உரியாது. வெயிலில் விரியும் என்பதால் சுவரோரம் சிறு இடைவெளி விடவேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கூடாரம் போல் எழும்பும். வெல்டிங் பொறி இதையும் உருக்கும். ஒயில் இடைவெளிகளால் கீழே போய், ஓட்டுக்கும் தரைக்கும் நடுவில் தேங்கும். ஆனால் வாடகைக் கடையில் தொழில் செய்பவருக்கும், காணி உறுதி இன்னும் கைக்கு வராதவருக்கும் இதில் ஒரு வசதி உண்டு. எழும்பும்போது கழற்றிக்கொண்டு போகலாம். 2008இல் வன்னியில் இடம்பெயர்ந்தவர்கள் கூரைத் தகரத்தையும் கதவு ஜன்னலையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தரையை யாராலும் கொண்டுபோக முடியவில்லை. அந்த அனுபவம் உள்ளவர்கள் இந்த வசதியைச் சின்ன விடயமென்று சொல்லமாட்டார்கள்.

கிணறுதான் முதல் கேள்வி

கராஜ் தரையைப் பற்றிய பேச்சில் அழகும் விலையும் வரும். கிணறு வருவதில்லை. வாகரையில் அதுதான் முதலில் வரவேண்டும். மணல் நிலத்தில் மழைநீர் எவ்வளவு விரைவாகக் கிணற்றுக்குப் போகிறதோ, அதே வழியாகக் கழிவு ஒயிலும் போகும். மணல் வடிகட்டும் என்ற நம்பிக்கை ஒயில் விடயத்தில் உதவாது. ஒரு வண்டியின் ஒரு தடவை மாற்றிய எஞ்சின் ஒயில் பத்து இலட்சம் கலன் நன்னீரைக் கெடுக்கக்கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. பாவித்த ஒயிலில் எஞ்சினிலிருந்து தேய்ந்துவரும் உலோகங்களும் கலந்திருக்கும். பழைய பற்றரியின் அமிலத்தோடு ஈயமும் வரும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

வேலை நடக்கும் இடத்தில் கொங்கிரீட் இன்டர்லொக் கல் பதிப்பதிலுள்ள பெரிய குறை இதுதான். ஒவ்வொரு இடைவெளியும் நிலத்துக்குப் போகும் ஒரு வாசல். தண்ணீரைக் கீழே விடுவது முற்றத்தில் நன்மை, ஒயில் மாற்றும் இடத்தில் ஆபத்து. எபொக்சியின் பக்கம் நிற்கும் ஒரே வலுவான நியாயமும் இதுவே. அது எதையும் கீழே விடாது.

ஆனால் ஒயிலைத் தடுக்க எபொக்சிதான் வேண்டும் என்றில்லை. ஒழுங்காகப் போட்ட கொங்கிரீட் தளத்தின் கீழே 1000 கேஜ் பொலித்தீன் விரிப்பு இருந்தால், கீழிருந்து ஈரமும் ஏறாது, மேலிருந்து ஒயிலும் இலகுவில் இறங்காது. விரிப்பின் இணைப்புகள் குறைந்தது ஓரடி ஒன்றின் மேல் ஒன்று ஏறவேண்டும். கம்பியும் கல்லும் குத்தாமல், கீழே நுண்மணல் பரப்பிவிட்டு விரிக்கவேண்டும். தரையை 100 அடிக்கு ஓரடி சரிவில் ஒரு மூலைக்குச் சாய்த்து, அங்கே சீமெந்து பூசிய சிறு குழி ஒன்று வைத்தால், சிந்திய ஒயிலும் கழுவிய நீரும் அதில் சேரும். ஒயில் மேலே மிதக்கும், அதை அள்ளி மூடிய கொள்கலனில் சேர்த்து, பழைய ஒயில் வாங்குபவரிடம் கொடுக்கலாம். குழியைக் கிணற்றிலிருந்து முடிந்தளவு தூரத்தில், வெள்ளம் ஓடும் திசையில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வைக்கவேண்டும். மாரிக்கு முன் அதை வெறுமையாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வெள்ளமே அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகும்.

ஊன்றுகோலுக்கும் செயற்கைக் காலுக்கும் ஏற்ற தரை

போர் நடந்த பிரதேசத்தில் கராஜுக்கு வருபவர்களிலும், அதில் வேலை செய்பவர்களிலும் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இருந்துகொண்டே செய்யக்கூடிய தொழில் என்பதால் எஞ்சின் திருத்தவும் வெல்டிங்கும் பழகியவர்களும் உண்டு. தரையைத் தெரிவு செய்யும்போது அவர்களை நினைக்கவேண்டும்.

மினுங்கும் எபொக்சி காய்ந்திருக்கும்போது நல்ல பிடிப்பு. அதில் தண்ணீரும் ஒயிலும் சேர்ந்தால் பனிக்கட்டி மாதிரி. செயற்கைக் காலுக்குத் தரை வழுக்குவது தெரியாது, தெரியும்போது விழுந்துவிட்டிருப்பார். எபொக்சி பூசுவதாக இருந்தால், முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கழுவிக் காயவைத்த சிலிக்கா மணலைத் தூவி, அதன் மேல் இரண்டாம் பூச்சு பூசவேண்டும். மினுக்கம் குறையும், பிடிப்பு கூடும். கொங்கிரீட் தளத்தை மட்டம் பண்ணியபின் கரண்டியால் மினுக்காமல், தும்புத்தடியால் ஒரு தடவை இழுத்துவிட்டாலே போதிய சொரசொரப்பு வந்துவிடும். அதற்குச் செலவே இல்லை.

சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் இன்டர்லொக் கல்லின் உயர வித்தியாசம் தொல்லை. முற்றத்தில் பதிக்கும்போது ஓரம் சரிவாக வெட்டாத, தட்டையான மேற்பரப்புள்ள கல்லைக் கேட்டு வாங்கலாம். முற்றத்துக்கும் கராஜுக்கும் இடையில் படி வைக்காமல், ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளமாகச் சரிவு வைத்தால் நாற்காலியும் ஏறும், பழுதான மோட்டார் சைக்கிளையும் தனியாளாகத் தள்ளி ஏற்றலாம்.

200 சதுர அடிக்கு எவ்வளவு வேண்டும்?

விலை மாதத்துக்கு மாதம் மாறும். 2022 நெருக்கடியில் சீமெந்துப் பையின் விலை இரு மடங்குக்கும் மேல் போனதை எல்லோரும் கண்டோம். ஆனால் அளவு மாறாது. 20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள ஒரு வேலைத்தளத்துக்குக் கணக்கு இது. இதை எழுதி வைத்துக்கொண்டு வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ அன்றைய விலையைக் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள்.

5 அங்குலத் தடிப்பில் 1:2:4 கலவைக் கொங்கிரீட்டுக்கு 50 கிலோ சீமெந்து ஏறத்தாழ 15 பை, ஆற்று மணல் 0.4 கியூப், முக்கால் அங்குலச் சல்லி முக்கால் கியூப் வேண்டும். உழவு இயந்திரம் ஏறுமென்றால் 6 அங்குலம் போடுங்கள், எல்லாவற்றையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

அதே பரப்புக்கு 200க்கு 100 மில்லிமீற்றர் அளவுள்ள இன்டர்லொக் கல் ஏறத்தாழ 930 வேண்டும். உடைவுக்கும் வெட்டுக்கும் 50 கல் கூட வாங்குங்கள். 60 மில்லிமீற்றர் கல் என்றால் மொத்தப் பாரம் இரண்டரைத் தொன்னுக்கு மேல் வரும். ஏற்றுக்கூலியை மறக்கவேண்டாம். கிறவலும் மணலும் இறுக்கும் இயந்திர வாடகையும் இதற்கு மேல்.

எபொக்சியில் ஏமாறுவது தடிப்பில்தான். 0.3 மில்லிமீற்றர் படலத்துக்கு, கரைப்பான் கலக்காத பொருள் என்றால், ஏறத்தாழ 5.6 லீற்றர் போதும். ஆனால் பாரம் தாங்கும் 2 மில்லிமீற்றர் தரைக்கு 37 லீற்றர் வேண்டும். இரண்டையும் எபொக்சி என்றே சொல்வார்கள். விலை மலிவாகச் சொல்பவரிடம், காய்ந்தபின் எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள். எபொக்சிக்குக் கீழேயும் நல்ல கொங்கிரீட் தளம் வேண்டுமென்பதால், மேலே சொன்ன 15 பை சீமெந்து அதற்கும் சேரும். எபொக்சி கொங்கிரீட்டுக்கு மாற்று அல்ல, அதன் மேல் வரும் இன்னொரு செலவு.

மணல் விடயத்தில் ஒரு எச்சரிக்கை. கடற்கரை மணலும் களப்போர மணலும் கையெட்டும் தூரத்தில் சும்மா கிடக்கிறது. அதில் உப்பு இருப்பதால் கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து வீங்கி, தரையை உள்ளிருந்தே பிளக்கும். ஆற்று மணலையே அனுமதிப் பத்திரமுள்ளவரிடம் வாங்கவேண்டும். கலவைக்கு ஊற்றும் தண்ணீரும் உப்புத் தண்ணீராக இருக்கக்கூடாது. போட்ட தரையைக் குறைந்தது ஏழு நாள் ஈரச்சாக்கால் மூடி நனைத்து வைக்கவேண்டும். கச்சான் காலத்தில் இதைத் தவறவிட்டால் மேற்பரப்பு முழுக்க மயிரிழை வெடிப்புகள் வரும். 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டுக்கோடு போட்டுவிட்டால், கொங்கிரீட் சுருங்கும்போது அந்தக் கோட்டில் வெடிக்கும், கண்ட இடத்தில் வெடிக்காது.

அப்படியானால் எதைப் போடுவது?

வாகரையில் ஒரு சிறிய கராஜுக்கு, முழு இடத்துக்கும் ஒரே பொருள் என்று யோசிக்கத் தேவையில்லை. வேலைக்கு ஏற்றபடி இடத்தைப் பிரித்தால் செலவும் குறையும், தரையும் நிற்கும்.

ஒயில் மாற்றும், எஞ்சின் இறக்கும் வேலைத்தளத்துக்குப் பொலித்தீன் விரித்த, தும்புத்தடியால் சொரசொரப்பாக்கிய கொங்கிரீட் தளம். கையில் இருக்கும் காசில் முதலில் செய்யவேண்டியது இது. வண்டிகள் காத்து நிற்கும் முற்றத்துக்கு இன்டர்லொக் கல். அங்கே மழைநீர் கீழே போவது நல்லது, தாழ்ந்தால் நாமே திருத்திக்கொள்ளலாம். மழைத்தண்ணீர் வேலைத்தளத்துக்குள் வராதபடி, தளம் முற்றத்தைவிடச் சில அங்குலம் உயர்ந்திருக்கட்டும்.

எபொக்சி பூசலாமா என்ற கேள்விக்கு, விரிப்புப் போட்ட புதிய தளமாக இருந்து, ஒரு மாரி முழுக்கப் பொலித்தீன் சோதனையில் காய்ந்தே இருந்தால், பூசலாம். அப்போதும் முழுத் தளத்துக்கும் பூசாமல், ஒயில் அதிகம் சிந்தும் இடத்துக்கு மணல் தூவிப் பூசினால் போதும். வெல்டிங் செய்யும் மூலையை வெறும் கொங்கிரீட்டாகவே விட்டுவிடுங்கள். பற்றரிகளைத் தரையில் வைக்காமல் பிளாஸ்ரிக் தட்டில் வையுங்கள், அமிலம் சீமெந்தைத் தின்றுவிடும். அடியில் விரிப்பு இல்லாத பழைய தளத்துக்கு எபொக்சி பூசச் சொல்பவரிடம், மாரிக்குப் பிறகு உரிந்தால் இலவசமாகத் திருத்தித் தருவதாக எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

வாடகை இடத்தில் இருப்பவர்கள் பெரிய செலவு செய்யாமல், இருக்கும் தரையின் வெடிப்புகளை அடைத்து, பொருட்கள் விற்கும் பக்கத்தில் மட்டும் பிளாஸ்ரிக் ஓடு போடலாம். ஒயில் வேலைக்கு ஓரம் மடித்த பெரிய தகரத் தட்டு ஒன்றை வண்டியின் கீழ் வைத்துக்கொள்வது கிணற்றைக் காக்கும் மிக மலிவான வழி.

தொடங்குவதற்கு முன்

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்ற மாவட்டமாக 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் சண்டை நடந்த நிலத்தில் வெடிக்காத பொருட்கள் ஆழத்தில் இருக்கக்கூடும். தரைக்குத் தோண்டும்போதும், வேறிடத்திலிருந்து கிறவல், மண் கொண்டுவந்து கொட்டும்போதும் சந்தேகமான இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிஸுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவிக்கவேண்டும்.

கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வரும் காணி கரையோர வலயத்துக்குள் அடங்கும். அங்கே நிரந்தரக் கட்டுமானத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம். கராஜ் தொழிலுக்கு என்னென்ன அனுமதி எடுக்கவேண்டும் என்பதைப் பிரதேச சபையில் முதலே கேட்டு வையுங்கள். தரை போட்டபின் நிறுத்தச் சொன்னால் நட்டம் உங்களுக்குத்தான்.

கடைசியாகக் கடன். கிழக்கில் வாராவாரம் கட்டும் நுண்கடன்கள் எத்தனை குடும்பங்களை நெருக்கியிருக்கின்றன என்பதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தரைக்குக் கடன் எடுப்பதென்றால் ஒரு எளிய விதியைப் பின்பற்றலாம். கடன் முடியும் நாளைவிட நீண்ட காலம் நிற்கும் பொருளுக்கு மட்டும் கடன் எடுங்கள். ஒழுங்காகப் போட்ட கொங்கிரீட் தளமும் இன்டர்லொக் கல்லும் அந்த விதிக்குள் வரும். ஈரத்தின் மேல் பூசிய எபொக்சி வராது. காசு குறைவென்றால் இந்த வருடம் வேலைத்தளம் மட்டும், அடுத்த வருடம் முற்றம் என்று பிரித்துச் செய்யுங்கள். பாதித் தரை போட்ட கராஜிலும் தொழில் நடக்கும். ஒயில் இறங்கிய கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது.